பாஞ்சோவுக்கு மைக்கா, பிக்கப்பா? வாசகர் கேள்விகள்

போன இதழ்ல அஞ்சு கம்பி பாஞ்சோ பத்தி எழுதினப்போ, மேடையில இதை ஸ்பீக்கருக்கு கொண்டுபோறது தனி விஷயம், கேள்வி இருந்தா அனுப்புங்கனு கடைசியில ஒரு வரி போட்டிருந்தேன். வந்ததுல முக்காவாசி ஒரே கேள்விதான், எந்த மைக் வாங்கறது, இல்ல பேசாம பிக்கப், அதாவது வாத்தியத்துலயே மாட்டி அதிர்வை நேரா மின்சாரமா மாத்தற சாமான், போட்டுடலாமா. அமெரிக்காவுல ப்ளூகிராஸ்னு சொல்ற கிராமிய இசையோட சின்ன சின்ன மேடைகள்ல பல வருஷம் மிக்ஸர் பின்னாடி நின்னு, வீட்ல நானும் ஒரு பாஞ்சோ வெச்சு வாசிச்சு பழகினதுல தெரிஞ்சதை சொல்றேன்.

கேள்வி: வட கரோலினா ராலேயில இருக்கேன். ரெசனேட்டர் பாஞ்சோ (பின்பக்கம் மரத் தட்டு மூடினது), நாலு பேர் குழு, கூட கித்தார், மாண்டலின், டபுள் பாஸ். ஷூர் எஸ்எம்57 மைக்கை ஸ்டாண்ட்ல வெச்சு வாசிக்கிறேன். முதல் பாட்டு நல்லா போகும், எனக்கு நான் வாசிக்கிறது கேக்கலைனு மானிட்டரை (வாசிக்கறவங்களை பாத்து மேடையில வெக்கற ஸ்பீக்கரை) ஏத்தச் சொன்னா உடனே ஊளை. பிக்கப் போட்டா தீருமா? எது நல்ல பிக்கப்?

பிக்கப் வாங்கறதை கொஞ்ச நாள் தள்ளி வையுங்க. உங்க பிரச்சினை மைக்ல இல்ல, மானிட்டர்ல இருக்குனு உங்க கேள்வியே சொல்லுது, முதல் பாட்டு நல்லா போச்சு, மானிட்டரை ஏத்தினதும்தான் ஊளை வந்துச்சு இல்லையா.

பாஞ்சோனா என்னனு ஒரு நிமிஷம் யோசிச்சு பாருங்க. மிருதங்கத்து தோல் மேல குதிரை வெச்சு கம்பி கட்டின மாதிரி ஒரு வாத்தியம் அது. பதினோரு அங்குல அகலத்துக்கு இறுக்கி இழுத்த ஒரு ஹெட், இப்ப பெரும்பாலும் பிளாஸ்டிக், அதுக்கு மேல பிரிட்ஜ், அதாவது குதிரை, சும்மா அழுத்தத்துல நிக்குது. கம்பி அதிர்ந்தா ஹெட் அதிரும், அதனாலதான் அவ்வளவு சத்தம். ஆனா அந்த ஹெட்டுக்கு கம்பி எது, மானிட்டர் எதுனு வித்தியாசம் தெரியாது. உங்க காலடியில இருக்கற மானிட்டர் மூஞ்சியை நேரா பாஞ்சோ மேல காட்டிக்கிட்டு இருக்கு, அதுல வர்ற சத்தம் ஹெட்டை ஆட்டுது, அதை மைக் பிடிக்குது, மறுபடி மானிட்டருக்கு போகுது, இப்படி சுத்தி சுத்தி வந்துதான் ஊளை. இப்ப பிக்கப்பை அந்த ஹெட்லயே ஒட்டினா என்ன ஆகும்? மானிட்டர் ஹெட்டை ஆட்டும், பிக்கப் அந்த ஆட்டத்தை பிடிக்கும். பக்கத்து மாண்டலின் சத்தம் உள்ள வராது, அது பெரிய லாபம்தான், ஊளை வர்ற அளவும் கொஞ்சம் மேல தள்ளிப்போகும், ஆனா ஒழியாது. இது தெரியாம பிக்கப் வாங்கிட்டு ஏமாந்தவங்களை நிறைய பாத்திருக்கேன், அதனாலதான் முதல்லயே சொல்லிடறேன்.

அடுத்த நிகழ்ச்சியில காசு செலவில்லாம சில வேலை செஞ்சு பாருங்க. எஸ்எம்57 கார்டியாய்டு மைக், அதாவது முன்னாடி நல்லா கேக்கும், நேர் பின்னாடி, வால் பக்கம், ரொம்ப கம்மியா கேக்கும். அதனால மானிட்டர் சரியா மைக்கோட வால் நீட்டற திசையில இருக்கணும். மேடையில நிறைய தடவை மானிட்டர் ஒரு பக்கமா ஒதுங்கி கிடக்கும், மைக் வேற பக்கமா சாஞ்சிருக்கும், யாரும் அதை கவனிக்க மாட்டாங்க. ஒருவேளை வேற மைக் வாங்கி அது சூப்பர்கார்டியாய்டா இருந்தா கணக்கு மாறிடும், அதுக்கு செவிட்டுப் பக்கம் நேர் பின்னாடி இல்ல, முன்பக்கத்துல இருந்து சுமார் 126 டிகிரி திரும்பின இடத்துல, அதாவது பின்னாடி ரெண்டு ஓரத்துலயும் இருக்கு, அப்ப மானிட்டரை ஓரமா தள்ளி வைக்கணும். மைக்கை மாத்திட்டு மானிட்டரை பழைய இடத்துலயே வெச்சுட்டு புது மைக் மோசம்னு திட்டறது ரொம்ப சாதாரணமா நடக்கறது.

அடுத்தது தூரம். ஒரு அடி தள்ளி மைக் இருக்குனு வெச்சுக்குவோம், அதை ஆறு அங்குலத்துக்கு கொண்டு வந்தா மைக்குக்கு போற பாஞ்சோ சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் ஏறும், மூணு அங்குலத்துக்கு வந்தா இன்னொரு 6. சவுண்ட்காரர் அந்த அளவுக்கு கெயினை, அதாவது மைக் சத்தத்தை பெருக்கற அளவை, இறக்கலாம், இறக்கினா மானிட்டர் சத்தமும் மத்த வாத்தியமும் மைக்ல அந்த அளவுக்கு குறையும். ஒரு பைசா செலவில்லாம கிடைக்கிற 6 டெசிபல் அது. ஆனா மூணு அங்குலத்துல வெச்சா ரெண்டு தொந்தரவு இருக்கு, ஒண்ணு நீங்க கொஞ்சம் அசைஞ்சாலும் சத்தம் ஏறி இறங்கும், இன்னொண்ணு இந்த வகை மைக் கிட்ட போகப் போக அடி சுருதியை ஊதிக் காட்டும். நாலுல இருந்து ஆறு அங்குலம் எனக்கு சரியா வந்திருக்கு.

எந்த இடத்தை பாத்து வைக்கறதுங்கறது அதை விட முக்கியம். நேரா பிரிட்ஜை பாத்து வெச்சா தகரத்துல தட்டின மாதிரி கூர்மையா வரும், விரல்ல மாட்டற உலோக பிக் கம்பியில உரசற கிச்சு கிச்சும் சேர்ந்து வரும். எஸ்எம்57க்கே மேல் சுருதியில, 5, 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு எடுப்பு உண்டு, பாஞ்சோவுக்கு ஏற்கனவே அங்க தேவைக்கு மேல இருக்கு, ரெண்டும் சேர்ந்தா காது வலிக்கும். அதனால கழுத்து ஹெட்டோட சேர்ற இடத்துக்கு கொஞ்சம் கீழ, ஹெட்டோட ஓரத்தை பாத்து மைக்கை சாய்ச்சு வையுங்க. சில பாஞ்சோவுல பிரிட்ஜுக்கு அந்தப்பக்கம், வால் பக்கத்து ஓரம் இன்னும் நல்லா இருக்கும். ஒரு நண்பரை வாசிக்கச் சொல்லிட்டு ஒரு காதை பொத்திக்கிட்டு இன்னொரு காதை ஹெட்டுக்கு முன்னாடி மெதுவா நகர்த்தி பாருங்க, எங்க நல்லா கேக்குதோ அங்க மைக். இதை விட நல்ல வழி எனக்கு தெரியாது.

சவுண்ட்காரர்கிட்ட லோ கட், அதாவது ஒரு அளவுக்கு கீழ உள்ள அடி சுருதியை வெட்டற வசதி, போடச் சொல்லுங்க. உங்க பாஞ்சோவோட திறந்த ஜி சுருதியில நாலாவது கம்பி டி, 147 ஹெர்ட்ஸ் பக்கம். அதுக்கு கீழ உங்க வாத்தியத்துல சுரமே இல்ல, ஆனா டபுள் பாஸும் மேடை அதிர்ற சத்தமும் அங்கதான் இருக்கு. 120 ஹெர்ட்ஸ்ல வெட்டினா நீங்க எதையும் இழக்கலை. நாலாவது கம்பியை சி வரைக்கும் இறக்கி வாசிக்கற பாட்டு இருந்தா அது 131, அதுக்கு 110ல வெட்டச் சொல்லுங்க. அப்புறம் ஜனம் வர்றதுக்கு முன்னாடி, நீங்க பாஞ்சோவை மாட்டிக்கிட்டு உங்க இடத்துல நின்னு கம்பியை கையால அமுக்கி பிடிச்சுக்கணும், சவுண்ட்காரர் மானிட்டரை மெதுவா ஏத்திக்கிட்டே போகணும், எந்த சுருதியில முதல்ல ஊளை கிளம்புதோ அந்த இடத்தை மட்டும் ஈக்வலைசர்ல (சுருதி வாரியா சத்தத்தை ஏத்தி இறக்கற வசதி) குறுகலா கொஞ்சம் இறக்கணும், ரெண்டு மூணு இடம் அப்படி இறக்கிட்டு மொத்த அளவுல இருந்து கொஞ்சம் பின்வாங்கணும். வெறும் ஸ்டாண்டை மட்டும் நிக்க வெச்சு இதை செஞ்சா பிரயோஜனமே இல்ல, ஏன்னா ஊளையிடறதுல பாதி வேலை உங்க ஹெட்டோடது, அது அங்க இருக்கணும்.

இவ்வளவும் செஞ்ச பிறகும் கேக்கலைனா, மானிட்டரை ஒழிச்சுட்டு ஒரு காதுல மட்டும் இன்-இயர், அதாவது காதுக்குள்ள மாட்டற குட்டி மானிட்டர், போட்டுக்குங்க. பாஞ்சோ மாதிரி வாத்தியத்துக்கு புது மைக்கை விட, பிக்கப்பை விட அந்த காசு நல்ல செலவு.

கேள்வி: டென்னஸி நாக்ஸ்வில். நான் ஒரே இடத்துல நின்னு வாசிக்கறவன் இல்ல, பாடும்போது முன்னாடி போவேன், திரும்புவேன். ஸ்டாண்ட் மைக் எனக்கு சரிப்படலை. கிளிப் மைக் நல்லதா? வயர்லெஸ்ல போடலாமா?

உங்களுக்கு கிளிப் மைக்தான். மைக் வாத்தியத்தோட சேர்ந்தே நகர்றதால தூரம் மாறவே மாறாது, சவுண்ட்காரர் பாட்டு முழுக்க ஃபேடரை பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டாம். டிபிஏ 4099னு டென்மார்க் கம்பெனியோடது ஒண்ணு, சூப்பர்கார்டியாய்டு, வளையற கழுத்து, பாஞ்சோ, பிடில் எல்லாத்துலயும் பாக்கலாம். சத்தம் இயல்பா இருக்கும், விலை எஸ்எம்57ஐ விட பல மடங்கு. அந்த அளவுக்கு வேண்டாம்னா ஆடியோ-டெக்னிக்கா ப்ரோ 35 பாருங்க, சாக்ஸபோன், டிரம்னு மாட்டறதுக்கு செஞ்சதுதான், ஆனா பாஞ்சோ விளிம்புலயும் நல்லா நிக்கும், சின்ன குழுக்களுக்கு தாராளமா போதும்.

கிளிப்பை எங்க கடிக்க விடறதுங்கறதுல கவனம் தேவை. ஹெட்டை இறுக்கற கொக்கிகள் சுத்தி இருக்கே, அதுல ஒண்ணு, இல்ல கை தாங்கறதுக்கு இருக்கற ஆர்ம்ரெஸ்ட் பிராக்கெட். எங்கயும் தளர்ந்து ஆடக்கூடாது, ஆடினா ஒவ்வொரு அடிக்கும் கடகடனு ஒரு சத்தம் ஸ்பீக்கர்ல வரும், எங்க இருந்து வருதுனு ராத்திரி முழுக்க தேடுவீங்க. ரெசனேட்டர் மர விளிம்புல நேரா கடிக்க விடாதீங்க, பாலிஷ் போயிடும், ஒரு துண்டு மெல்லிய தோல் வெச்சு கடிக்க விடுங்க. மைக் தலை ஹெட்டுல இருந்து ரெண்டு மூணு அங்குலம் உயரத்துல, பிரிட்ஜை விட்டு விலகி இருக்கட்டும், வலது கை அடிக்கற வழியில இருக்கவே கூடாது.

இந்த கிளிப் மைக் எல்லாம் கண்டென்சர் வகை, கரண்ட் வேணும். கேபிள்ல மிக்ஸருக்கு போனா மிக்ஸர்ல 48 வோல்ட் ஃபாண்டம், அதாவது மைக் கேபிள் வழியாவே போற கரண்ட், போட்டா போதும். வயர்லெஸ்னா இடுப்புல மாட்டற பேக்ல இருந்து 48 வோல்ட் வராது, சில வோல்ட்தான் வரும், அதுக்கேத்த கனெக்டரும் கம்பெனிக்கு கம்பெனி வேற வேற. மைக்கையும் வயர்லெஸ்ஸையும் தனித்தனியா வாங்கிட்டு ஒண்ணுக்கொண்ணு சேரலைனு நிகழ்ச்சி அன்னிக்கு தெரிஞ்சு தவிச்சவங்க உண்டு, எந்த பேக்கோட சேரும், என்ன அடாப்டர் வேணும்னு கடையில கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, நீங்க நடக்கறவர்னா உங்க மைக்கும் நடக்கும், மானிட்டருக்கு நேரா போய் நின்னு குனிஞ்சா அந்த நொடியே ஊளை. எங்க நிக்கக்கூடாதுனு ஒத்திகையிலயே தரையில ஒரு டேப் ஒட்டிடுங்க.

கேள்வி: டொரொண்டோ. எங்க குழுவுல டிரம் செட், எலெக்ட்ரிக் கித்தார், பாஸ் எல்லாம் உண்டு, நான் பாஞ்சோ. மைக் வெச்சா என் மைக்ல என்னை விட டிரம்தான் அதிகம் கேக்குது. இப்பவாவது பிக்கப் போடலாமா?

போடுங்க, பிக்கப்புக்கான இடமே இதுதான். டிரம் பக்கத்துல பாஞ்சோ மைக்கை திறந்து வெச்சா அது டிரம் மைக்காத்தான் வேலை செய்யும்.

கடையில பாத்தா பேர் நிறைய இருக்கும், உள்ள போய் பாத்தா ரெண்டு குடும்பம்தான். ஒண்ணு பீஸோ, ஒரு சின்ன வில்லை, அழுத்தம் பட்டா மின்சாரம் தரும். அதை ஹெட்டுக்கு உள்பக்கம் பிரிட்ஜ் காலுக்கு நேர் கீழ ஒட்டுவாங்க, இல்ல பிரிட்ஜுக்குள்ளயே பதிச்சு வரும். கே அண்ட் கே கம்பெனியோடது ரெண்டு வில்லை வெச்சது, ஒட்டறது சுலபம். இன்னொரு குடும்பம் காந்தம். எலெக்ட்ரிக் கித்தார்ல காந்தம் நேரா கம்பியை கவனிக்கும், பாஞ்சோவுல வேற மாதிரி, பிரிட்ஜ் காலுக்கு அடியில ஒரு மெல்லிய இரும்பு தகடு வெச்சுடுவாங்க, ஹெட்டுக்கு பின்னாடி உள்ள தண்டுல காந்த பிக்கப் உக்காந்துக்கிட்டு அந்த தகடு ஆடறதை ஹெட் வழியாவே கவனிக்கும். ஃபிஷ்மேன், இஎம்ஜி ரெண்டு பேருமே இந்த மாதிரி செய்யறாங்க. சத்தமான குழுவுக்கு எனக்கு காந்த வகைதான் பிடிக்கும், அது கம்பியோட நடு சுருதிகளை திடமா கொடுக்கும், பீஸோவுக்கு இருக்கற அந்த வாத்து கத்தற மாதிரியான ஒரு குணம் இதுல குறைவு. ஆனா ஹெட்டோட காற்றோட்டமான சத்தம், அந்த வெடிப்பு, அது பிக்கப்ல முழுசா வராது, எதுலயும் வராது, அந்த எதிர்பார்ப்போட வாங்காதீங்க.

பீஸோ வாங்கினா ஒரு விஷயத்தை தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. சில வருஷம் முன்னாடி ஒரு ஊர் ஹால்ல ஒருத்தர் புது பீஸோ பிக்கப்போட வந்தார், அருமையா வாசிக்கறவர், அதை நேரா மிக்ஸரோட லைன் ஓட்டைல சொருகிட்டோம், நேரமும் இல்ல. ஸ்பீக்கர்ல கொசு பறக்கற மாதிரி ஒரு சத்தம், அடி சுருதியே காணோம். அவர் முகம் வாடிப்போச்சு, பிக்கப்பை அடுத்த வாரமே கழட்டி வித்துட்டார். பிக்கப் மேல தப்பே இல்ல. பீஸோ ஒரு சின்ன கெபாசிட்டர் மாதிரி, அதை 10 கிலோஓம் மாதிரி குறைவான இம்பீடன்ஸ் (மின் தடுப்பு) உள்ள இடத்துல சொருகினா அடி சுருதி எல்லாம் அங்கயே வடிஞ்சுடும். அதுக்கு குறைஞ்சது 1 மெகாஓம் உள்ள இடம் வேணும், அதை விட கூட இருந்தா இன்னும் நல்லது. அதுக்குத்தான் அக்கூஸ்டிக் வாத்தியத்துக்குனே ப்ரீஆம்ப் டிஐ பெட்டி, அதாவது பிக்கப் சத்தத்தை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்தி அனுப்பற பெட்டி, விக்கறாங்க, எல்.ஆர்.பேக்ஸ் பாரா டிஐ மாதிரி. அந்த பெட்டி இல்லாம பீஸோ வாங்கறது பாதி சாமான் வாங்கற மாதிரி. பாஞ்சோவுல இருந்து பெட்டி வரைக்கும் போற கேபிள் சின்னதா இருக்கட்டும், பத்து பதினஞ்சு அடி போதும், பெட்டியில இருந்து மிக்ஸருக்கு எவ்வளவு நீளமும் போகலாம்.

அப்புறம் ஹெட்டுக்கு பின்னாடி ஒரு துண்டு ஃபோம், தண்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல லேசா தொடற மாதிரி செருகி வையுங்க. வாத்தியத்தோட சொந்த சத்தம் கொஞ்சம் அடங்கும், நீட்டி ஒலிக்கறது குறையும், டிரம் இருக்கற மேடையில அது இழப்பே இல்ல, ஏன்னா ஹெட்டை மானிட்டர் ஆட்டறதையும் அந்த ஃபோம்தான் தடுக்குது. கொஞ்சம் கொஞ்சமா வெச்சு பாருங்க, அழுத்தி திணிச்சா பாஞ்சோ செத்துடும்.

இதுக்கும் மேல சத்தமான குழுனா முழு எலெக்ட்ரிக் பாஞ்சோவே இருக்கு. பேலா ஃப்ளெக் 1988ல தன்னோட ஃப்ளெக்டோன்ஸ் குழுவை ஆரம்பிச்சு டிரம், எலெக்ட்ரிக் பாஸோட வாசிச்சவர், டீரிங் கம்பெனியோட கிராஸ்ஃபயர் எலெக்ட்ரிக் பாஞ்சோ அவர் கையில இருந்ததாலயே நிறைய பேருக்கு தெரிஞ்சது. அது வேற வாத்தியம், வேற மனசு, முதல்ல உங்க பாஞ்சோவுல பிக்கப் போட்டு ஒரு ஆறு மாசம் வாசிச்சு பாருங்க.

மைக்கும் பிக்கப்பும் ரெண்டும் சேர்த்து போடலாமானு அடுத்து கேப்பீங்க. போடலாம், நான் நிறைய தடவை செஞ்சிருக்கேன், மானிட்டருக்கு பிக்கப்பை மட்டும் அனுப்பணும், வெளிய ஜனங்களுக்கு பிக்கப்போட கொஞ்சம் கிளிப் மைக்கும் கலக்கணும். மானிட்டர்ல மைக் இல்லாததால ஊளை குறையும், ஜனங்களுக்கு அந்த காத்து சத்தமும் கிடைக்கும். ரெண்டையும் சேர்க்கும்போது சத்தம் மெலிஞ்சு போனா ஒண்ணுல போலாரிட்டி பட்டனை (ஒலி அலையை தலைகீழா திருப்பறது) அமுக்கி பாருங்க, எது கனமா கேக்குதோ அதை வெச்சுக்குங்க.

கேள்வி: ஷார்லட். பழைய வீடியோக்கள்ல எல்லாரும் ஒரே மைக்கை சுத்தி நின்னு வாசிக்கறாங்க. எங்க குழுவும் அப்படி செய்யணும்னு ஆசை. பாஞ்சோ மத்தவங்களை அமுக்கிடாதா? என்ன மைக்?

இந்த கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். உங்க ஊர்ல இருந்து மேற்க ஒரு மணி நேரம் போனா ஷெல்பி, அந்த ஊர்ப்பக்கம் 1924ல பிறந்தவர்தான் பாஞ்சோ மேதை எர்ல் ஸ்க்ரக்ஸ், அங்க அவர் பேர்ல ஒரு அருங்காட்சியகமே இருக்கு, போகலைனா போயிட்டு வாங்க. 1945 டிசம்பர்ல அவர் ப்ளூகிராஸ் முன்னோடி பில் மன்ரோ குழுவுல சேர்ந்து நாஷ்வில் ரைமன் அரங்கத்துல கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியில மூணு விரல் வாசிப்பை கேக்க வெச்சப்போ பாஞ்சோவுக்குனு தனி மைக்னு இன்னிக்கு மாதிரி யாரும் யோசிக்கலை. பாடறவர் மைக்ல பாடுவார், பாஞ்சோக்காரர் முறை வந்தா அவர் முன்னாடி வந்து வாசிச்சுட்டு பின்வாங்குவார். மிக்ஸிங் முழுக்க காலால நடந்தது. பிற்காலத்துல ஆளுக்கு ஒரு மைக்னு ஆனப்புறம், 1990கள்ல டெல் மெக்கூரி குழு மறுபடி ஒரே மைக்கை சுத்தி நிக்க ஆரம்பிச்சது, அதை பாத்து நிறைய குழுக்கள் திரும்ப வந்தாங்க.

பாஞ்சோ அமுக்கிடும்ங்கற பயம் நியாயமானது, அதுக்கு விடை தூரம்தான். பாடும்போது பாஞ்சோக்காரர் ஒரு அடி பின்னாடி, பாஞ்சோவை மைக்குக்கு நேரா காட்டாம தரையை பாத்து கொஞ்சம் சாய்ச்சு பிடிக்கணும், தன் முறை வந்ததும் நேரா காட்டிக்கிட்டு உள்ள வரணும். இந்த நடை பழகறதுக்கு பாட்டு பழகற அளவு ஒத்திகை வேணும், மாண்டலின் எந்த வழியா வெளிய போகுது, பாஞ்சோ எந்த வழியா உள்ள வருதுனு முடிவு பண்ணலைனா கழுத்தும் கழுத்தும் இடிச்சுக்கும்.

மைக்னு பாத்தா பெரிய டயாஃப்ரம் (சத்தத்தை பிடிக்கற சவ்வு) உள்ள கண்டென்சர். ஆடியோ-டெக்னிக்கா 4033 இந்த வேலைக்கு ப்ளூகிராஸ்காரங்ககிட்ட ரொம்ப காலமா பேர் வாங்கினது. போர்ட்லண்ட்ல கையால செய்யற இயர் ட்ரம்பட் லேப்ஸ் மைக்குகளையும் இப்ப நிறைய மேடையில பாக்கறேன், பழைய காலத்து தோற்றம், மேடைக்குனே யோசிச்சு செஞ்சது. எஸ்எம்57ஐ நடுவுல வெச்சு இதை முயற்சி பண்ணாதீங்க, ரெண்டு அடி தள்ளி நின்னா அதுல கிடைக்கறது போதாது.

மானிட்டரை மொத்தமா அணைச்சுடணும், அதுல பேரம் பேசாதீங்க. அவ்வளவு தூரத்துல இருந்து கேக்கற மைக்குக்கு கெயின் நிறைய வேணும், மானிட்டர் ஒண்ணு திறந்தா போச்சு. பக்கத்துல பக்கத்துல நிக்கறதால ஒருத்தர் வாசிக்கறது இன்னொருத்தருக்கு நேரா காதுலயே கேக்கும், அதுக்குத்தான் அப்படி நிக்கறதே. இன்னொரு லாபமும் இருக்கு, திறந்த மைக்குகளோட எண்ணிக்கை ரெட்டிப்பாகும்போதெல்லாம் ஊளைக்கு முன்னாடி கிடைக்கிற இடம் 3 டெசிபல் குறையும், நாலு மைக்கை ஒண்ணாக்கினா 6 டெசிபல் திரும்ப கையில வருது. 100, 200 பேர் அமைதியா உக்காந்து கேக்கற ஹால்ல இதை விட அழகா எதுவும் கேக்காது. பார்ல, சந்தையில, ஜனம் பேசிக்கிட்டு இருக்கற இடத்துல இது வேண்டாம்.

கேள்வி: லண்டன். ஐரிஷ் இசைக்கு நாலு கம்பி டெனர் பாஞ்சோ வாசிக்கிறேன், பப்ல சின்ன மேடை, சவுண்ட்காரர் கிடையாது, நாங்களே மிக்ஸரை பாத்துக்கறோம். லோ கட்டை மேல சொன்ன மாதிரி 120 ஹெர்ட்ஸ்ல வெட்டலாமா?

மேல சொன்னது அஞ்சு கம்பிக்கு, உங்களுக்கு அப்படி வெட்டாதீங்க. அயர்லாந்தோட டப்ளினர்ஸ் குழுவுல பார்னி மெக்கன்னா வாசிச்சு பரவலாக்கின ஜி டி ஏ ஈ சுருதிதானே வெச்சிருப்பீங்க, பிடிலுக்கு சரியா ஒரு ஸ்தாயி கீழ, உங்க அடி கம்பி 98 ஹெர்ட்ஸ். 80ல வெட்டுங்க, அதுக்கு மேல போனா ரீல்னு சொல்ற வேகமான ஆட்டப் பாட்டு வாசிக்கும்போது அடி கம்பி காணாம போயிடும்.

சவுண்ட்காரர் இல்லாத இடத்துல எது எளிமையோ அதுதான் நல்லது, எஸ்எம்57, 100 டாலர் சுமாருக்கு விக்கற சாமான், 1965ல இருந்து அதே வடிவம், கீழ விழுந்தாலும் உடையாது, ஃபாண்டம் வேண்டாம். ஸ்பீக்கரை உங்களுக்கு முன்னாடி, ஜனங்களை பாத்து வையுங்க, பின்னாடி வெச்சு அதையே மானிட்டராவும் பயன்படுத்தலாம்ங்கற யோசனை பாஞ்சோவுக்கு ஒத்துவராது, ஸ்பீக்கர் நேரா மைக் வாய்க்குள்ள கத்தும். ஐரிஷ் வாசிப்புல பிளெக்ட்ரம் (கையில பிடிக்கற பிக்) வேகமா போறதால பிக் சத்தம் அதிகம், மைக்கை கழுத்து பக்கமா இன்னும் கொஞ்சம் நகர்த்துங்க, மிக்ஸர்ல 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்குங்க. அவ்வளவுதான் வேணும்.

கேள்வி: பின்பக்கம் திறந்த ஓப்பன்-பேக் பாஞ்சோவுல கிளாஹேமர் வாசிக்கறேன். ஹெட்டுல ஒட்டற பீஸோ போட்டேன், தொம் தொம்னு அடிக்குது. ஏன்?

கிளாஹேமர்ல விரல் நகம் கம்பியை அடிச்சுட்டு கையோட எடை ஹெட்டு மேலயும் விழுது, கட்டைவிரல் அஞ்சாவது கம்பியில வந்து நிக்குது. ஹெட்டுல ஒட்டின வில்லைக்கு அந்த தட்டு கம்பியை விட பெருசா கேக்கும். வில்லையை பிரிட்ஜ் காலுக்கு நேர் கீழ மாத்தி ஒட்டி பாருங்க, கம்பி கூடும், தட்டு குறையும், லோ கட்டையும் கொஞ்சம் ஏத்துங்க. ஆனா மென்மையா, தனியா, இல்ல ஒரு பிடிலோட வாசிக்கறவர்னா உங்களுக்கு பிக்கப்பே வேண்டாம், ஷூர் எஸ்எம்81 மாதிரி ஒரு சின்ன டயாஃப்ரம் கண்டென்சரை எட்டு பத்து அங்குலம் தள்ளி வையுங்க, ஓப்பன்-பேக்கோட அந்த மரத்தன்மையான சத்தத்தை காப்பாத்தறது அதுதான்.

கேள்வி: மும்பை தாராவி. நாங்க பாஞ்சோனு சொல்றது பட்டன் வெச்ச வாத்தியம், கணபதி ஊர்வலத்துல வாசிக்கறது. நீங்க சொன்ன மைக் எதுவும் எங்களுக்கு ஒத்துவருமா?

நீங்க வாசிக்கறது புல்புல் தரங், நம்ம ஊர்ல புல்புல்தாரா, மும்பையில பாஞ்சோ. பேர் ஒண்ணு, வாத்தியம் வேற. ஜப்பான்ல நகோயாவுல 1912ல வந்த தைஷோகோட்டோவோட வழி வந்தது அது, அதுல ஹெட் கிடையாது, மரப்பெட்டி மேல கம்பி, தட்டச்சு மாதிரி பட்டன். ஊர்வலத்துல, டோல் தாஷா மேளங்களுக்கு நடுவுல, வண்டி மேல ஸ்பீக்கர் அடுக்கி வெச்ச இடத்துல மைக் வேலைக்கே ஆகாது. உங்க கம்பி எல்லாம் எஃகு, அதனால கித்தார்ல போடற காந்த பிக்கப் நேரா கம்பியையே கவனிக்கும், உங்க ஊர்ல வாத்தியம் செய்யறவங்க ஏற்கனவே அப்படித்தான் பதிச்சு கொடுக்கறாங்க, அதுதான் சரி. பெட்டியில பீஸோ ஒட்டாதீங்க, ஒவ்வொரு பட்டன் அமுக்கற டக் டக்கும் சுரத்தை விட பெருசா வரும்.

இரைச்சல் வந்தா ரெண்டு சுருள் வெச்ச ஹம்பக்கர் பிக்கப்பா மாத்திப் பாருங்க, ஜெனரேட்டர்ல ஓடற வண்டியில ஒத்தை சுருள் பிக்கப் இரைஞ்சுக்கிட்டே இருக்கும். கம்பியோட பக்கத்துல ரொம்ப நெருக்கமா காந்தத்தை ஏத்தாதீங்க, காந்தம் கம்பியை இழுத்தா சுருதி கலையும், கம்பியை அமுக்கின நிலையில நடுவுல ஒரு நாணயம் நுழையற இடைவெளி விட்டு அங்க இருந்து மெல்ல ஏத்தி இறக்கி சரி பண்ணிக்குங்க.